ஃபைட்டர் கேட்கிறார், விஸார்ட் சொல்கிறார்

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடுகிறவர்களிடையே ஐம்பது ஆண்டாகத் தீராத ஒரு வழக்கு: வாள் பிடிக்கிற ஃபைட்டர் பாத்திரத்தை எடுத்து ஆடுவது சுகமா, மந்திரம் போடுகிற விஸார்ட் பாத்திரத்தை எடுத்து ஆடுவது சுகமா? ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டி.எம்.; கதை நடக்கும் உலகமும் எதிரிகளும் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்வது, நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவது, அவ்வளவுதான்.

வழக்கு எப்போதும் கணக்கில்தான் தொடங்கும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஐந்தாம் லெவல் ஃபைட்டர் ஒரு முறைக்கு இரண்டு தடவை வெட்டலாம். பெரிய வாள் என்றால் வெட்டுக்குச் சராசரியாகப் பதினொரு புள்ளி சேதம், இரண்டும் பட்டால் இருபத்திரண்டு. அதே லெவல் விஸார்டின் ஃபயர்பால் மந்திரம் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி இருபத்தெட்டு, அதுவும் இருபதடி ஆரத்துக்குள் நிற்கிற அத்தனை பேருக்கும். உடனே மறுதரப்பு கால்குலேட்டரை எடுக்கும்: ஃபயர்பால் நாளைக்கு இரண்டு மூன்று தரம்தான், வாள் நாள் முழுக்க வெட்டும். இப்படியே இரவு பதினொரு மணி ஆகிவிடும்.

எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது. ஃபைட்டர் ஆடுகிறவர் சலித்துக்கொள்ளும்போது அவர் கணக்கில் பின்தங்கியிருப்பதாகவே பெரும்பாலும் தெரிவதில்லை. குறை வேறெங்கோ இருக்கிறது.

*

எங்கள் மேசையில் நடந்தது. ஒரு சத்திரம். மாடியில் கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருத்தியின் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு நிற்கிறான். ஃபைட்டர் ஆடுகிற நண்பர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"மேசை மேல ஏறி, அந்தத் தொங்கு விளக்கைப் புடிச்சு ஒரே ஆட்டம், மாடிக்குப் போய் அவன் நெஞ்சுல உதைக்கிறேன்."

"செம!" என்றார் டி.எம். "அக்ரோபாட்டிக்ஸ் உருட்டு. பதினஞ்சு வேணும்."

பதினெட்டு.

"விளக்கு ஆடுது. கை வழுக்காமப் புடிச்சியான்னு பாக்கணும்ல, அத்லெட்டிக்ஸ் ஒண்ணு."

பதினாறு.

"புடிச்சுட்டே. இப்ப உதைக்கு உருட்டு."

ஏழு. மேசை முழுக்க "அடடா". வீரர் மாடிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார். அடுத்த முறை விஸார்டுக்கு. நண்பர் கையிலிருந்த முறுக்கைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மிஸ்டி ஸ்டெப். அவன் பின்னாடி நிக்கிறேன்."

"நிக்கிறே" என்றார் டி.எம்.

பகடை இல்லை, பதினைந்து இல்லை, கை வழுக்குமா என்ற விசாரணை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற காலி இடத்துக்கு முப்பதடி தாவலாம் என்று புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. டி.எம். விரும்பினாலும் அதில் கை வைக்க முடியாது.

டி.எம்.மைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு விளக்கு யோசனை மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பகடை கேட்டார். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்து பலிக்க இருபத்திரண்டுகூட இல்லை. ஃபைட்டரின் யோசனை எவ்வளவு கண்ணுக்கு அழகோ அவ்வளவு பகடை, அவ்வளவு தோல்வி. இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை அவர் விளக்கைப் பார்க்கவே மாட்டார். "வெட்டறேன்" என்பார். பிறகு நாமே "ஃபைட்டர்னா சும்மா வெட்டிட்டே இருக்கிறதுதானே" என்போம்.

விஸார்ட் செய்வதை அறிவிக்கிறார். ஃபைட்டர் செய்யலாமா என்று கேட்கிறார். வழக்கின் வேர் இதுதான் என்பது என் கட்சி. ஃபயர்பால் எத்தனை பகடை என்பதெல்லாம் அதன் மேல் முளைத்தது.

*

பழைய கதையைப் பார்த்தால், விஸார்ட் முதலில் ஆளே அல்ல, பீரங்கி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனோடு சேர்ந்து 1971இல் 'செயின்மெயில்' என்று ஒரு போர் விளையாட்டு விதிப்புத்தகம் கொண்டுவந்தார். மேசை மேல் ஈயப் படைவீரர்களை நகர்த்தும் ஆட்டம். அதன் பின்னிணைப்பில் மாயாஜாலப் படைகளுக்கும் விதி இருந்தது. விஸார்ட் எறியும் நெருப்புருண்டை பெரிய கவண் எறியும் கல்லுக்கு நிகர், மின்னல் பீரங்கிக் குண்டுக்கு நிகர். கவணையும் பீரங்கியையும் எப்படிப் பயன்படுத்துவார்கள்? பின்னால் நிறுத்தி, சுற்றிக் காலாட்களைக் காவல் வைத்து. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டி அண்ட் டியை வெளியிட்டபோது அந்தப் பீரங்கிக்கு ஒரு பெயரும் தாடியும் கிடைத்தன. காலாட்களுக்கும் பெயர் கிடைத்தது. காவல் வேலை மட்டும் மாறவில்லை.

*

பழைய ஆட்டத்தில் முதல் லெவல் மந்திரக்காரரின் நிலையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. நாளுக்கு ஒரு மந்திரம். அதைப் போட்டதும் மனதிலிருந்து அழிந்துவிடும். மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறந்து மறுபடி நெட்டுரு. (ஜாக் வான்ஸ் 1950இல் எழுதிய 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து எடுத்த யோசனை.) கவசம் போடக்கூடாது. ஆயுதம் என்றால் குத்துவாள். 1978 விதிகளில் உயிர்ப்புள்ளிக்கு நாலுமுகப் பகடை. ஒன்று விழுந்தால் பூனை பிறாண்டினாலும் போச்சு. லெவல் ஏற ஃபைட்டருக்கு இரண்டாயிரம் புள்ளி போதும், இவருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.

அந்த ஒற்றை மந்திரம் 'ஸ்லீப்' என்றால் ஒரு கும்பலையே சாய்க்கலாம். ஆக மூன்று மணி நேரம் பம்மிப் பம்மி நடந்து, ஒரே ஒரு நிமிடம் ராஜாவாக இருப்பதுதான் இந்தப் பாத்திரத்தின் சுகம். பிழைத்து மேலே வந்தவருக்கும் கட்டணம் உண்டு. ஹேஸ்ட் மந்திரத்தை வாங்கிக்கொண்டவருக்கு ஒரு வயது கூடும். மந்திரம் சொல்லும்போது அடி விழுந்தால் மந்திரம் வீண். ஃபயர்பால் முப்பத்து மூவாயிரம் கன அடியை நிரப்பியே தீரும். குறுகலான சுரங்கத்தில் போட்டால் மிச்ச நெருப்பு போட்டவரைத் தேடித் திரும்பி வரும். சொந்தக் கூட்டாளிகளையே வேகவைத்த கதை இல்லாத பழைய ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை.

ஃபைட்டருக்கு என்ன? ஒன்பதாம் லெவலில் பிரபு. கோட்டை கட்டலாம், வரி வசூலிக்கலாம், ஆயுதம் ஏந்திய ஆட்கள் தாமாக வந்து சேருவார்கள். இந்த ஒரு பக்கத்தை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். ஒருவருக்கு மந்திரம் கூடக்கூட மற்றவருக்கு நிலம் கூடுகிறது. படை வைத்திருப்பவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. "நூறு பேரை அனுப்பு" என்றால் போவார்கள். அதுவும் அச்சில் இருந்த அதிகாரம்தான்.

*

1979இல் கைகாக்ஸ் தன் டி.எம். கையேட்டின் பின்னால் தனக்கு ஊக்கம் தந்த கதாசிரியர்களைப் பட்டியல் போட்டார். ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், வான்ஸ், லவ்கிராஃப்ட் என்று நீளும். ஹோவர்டின் வாள்வீரன் கோனன் கதைகளில் மந்திரவாதி பெரும்பாலும் எதிரி. எதிரிக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும் கதைக்கு நல்லதுதான். கடைசியில் கோனன் வெட்டிவிடுவான். ஆனால் அதே மந்திரவாதியைக் கோனனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, இருவரும் கூட்டாளிகள், இருவருக்கும் சம உரிமை என்றால்? கதைகளுக்கு இந்தச் சிக்கல் வரவேயில்லை. ஆட்டம் தானாக இழுத்துவிட்டுக்கொண்டது.

*

2000இல் மூன்றாம் பதிப்பு. அதற்கு மூன்றாண்டு முன்பே விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஆட்டத்தை அதுவரை வெளியிட்டு வந்த டி.எஸ்.ஆரை வாங்கியிருந்தது. நல்ல பதிப்பு, பழைய விதிகளில் இருந்த சிடுக்குகளை எல்லாம் எடுத்தார்கள். அப்படி எடுத்தபோது மந்திரக்காரரைக் கட்டியிருந்த கயிறுகளும் சேர்ந்து போயின. எல்லா வகுப்புக்கும் (பாத்திர வகைக்கும்) லெவல் ஏற ஒரே புள்ளிக் கணக்கு. ஹேஸ்டுக்கு வயது கூடாது. அடி விழும் இடத்தில் நின்றுகொண்டே தற்காத்தபடி மந்திரம் சொல்ல வழி. ஃபயர்பால் திரும்பி வராது. விஸார்டுக்கு முதல் லெவலிலேயே மந்திரச் சுருள் எழுதும் திறன் இலவசம். ஃபைட்டரின் கோட்டையும் படையும் காணாமல் போயின. அதற்குப் பதில் 'ஃபீட்' என்ற சின்னச் சின்னச் சிறப்புத் திறமைகள்.

அந்தப் பதிப்பில் என்னால் மறக்க முடியாதது திறன் பட்டியல். ஃபைட்டருக்குத் திறன் புள்ளிகள் லெவலுக்கு இரண்டுதான், புத்தி இருந்தால் கொஞ்சம் கூட. அவர் வகுப்புக்கு உரிய திறன்கள்: ஏறுதல், குதித்தல், நீந்துதல், குதிரையேற்றம், விலங்கு பழக்குதல், ஏதாவது ஒரு கைத்தொழில். கூர்ந்து பார்ப்பதும் காது கொடுத்துக் கேட்பதும் அதில் இல்லை. கோட்டை வாசலில் இருபது வருடம் காவல் நின்ற வீரன், இருட்டில் யாரோ நகர்வதைக் கண்டுபிடிக்க லாயக்கற்றவன்! விதி எழுதியவர்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். "ஃபைட்டர் என்றால் சண்டை" என்று யாரோ ஒரு நாள் முடிவெடுத்தார்கள், மிச்சம் எல்லாம் தானாக நடந்தது.

ஏறுதலும் குதித்தலும் அவருக்கு உண்டே என்றால், விஸார்ட் ஐந்தாம் லெவலில் பறக்கத் தொடங்கிவிடுவார்.

*

சின்னக் குறிப்பு. 2014 டி.எம். கையேடு ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மோதல்கள் வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. ஆறாவது மோதலில் விஸார்டின் பை காலி, ஃபைட்டரின் வாள் அப்படியே இருக்கிறது என்பதுதான் அங்கே சமநிலை. சனிக்கிழமை மாலை கூடுகிற நாலு பேர் எட்டு மோதல் ஆடுவார்களா? ஒன்று. மிஞ்சினால் இரண்டு. அதற்குள் ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும். இது போதாதென்று, மூன்றாம் நிலை மந்திரம் ஒன்று இருக்கிறது: லியோமண்டின் டைனி ஹட். சடங்காகச் செய்தால் செலவே இல்லை. எட்டு மணி நேரம் எதுவும் நுழைய முடியாத குடில். விஸார்ட் தன் மந்திரத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கி, எழுந்து, மறுபடி முழுப் பையோடு வருகிறார்.

*

மந்திரக்காரர் ஆடுகிறவரின் சந்தோஷத்தில் பாதி மேசைக்கு வெளியே நடக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பஸ்ஸில், அலுவலக மதிய இடைவேளையில், படுக்கையில். அடுத்த லெவலில் எந்த மந்திரம் எடுக்கலாம், இதையும் அதையும் சேர்த்தால் என்ன ஆகும், கிரீஸ் போட்டு வழுக்கவிட்டு வெப் போட்டு ஒட்டவைத்தால்? இந்த யோசனையே ஒரு தனி ஆட்டம். மேசைக்கு வரும்போது அவர் பாதி ஆடி முடித்துவிட்டுத்தான் வருகிறார். பலிக்காவிட்டாலும் யோசித்த சுகம் மிச்சம்.

ஃபைட்டருக்கு வீட்டில் வேலை இல்லை. அவருடைய சந்தோஷம் முழுக்க மேசையில், பகடை கையை விட்டு உருளும் அந்த நொடியில். ஆகவே மேசையில் அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பது பெரிய விஷயம். விஸார்ட் தன் முறை வந்ததும் புத்தகத்தைப் புரட்டி, தூரம் கேட்டு, "இருங்க, அந்த ரெண்டு பேரும் ஒரே வட்டத்துக்குள்ள வருவாங்களா?" என்று விரலால் அளந்து முடிக்க ஐந்து நிமிடம். ஃபைட்டர் முப்பது நொடியில் முடித்துவிட்டு அடுத்த கால் மணி நேரம் போனைப் பார்க்கிறார். எந்தச் சமநிலை விதியும் இந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும், நியாயமானது. அந்த ஐந்து நிமிட யோசனைக்குப் பிறகு விஸார்ட் மந்திரத்தைப் போடுகிறார், அரக்கன் தற்காப்புப் பகடையில் தப்பிவிடுகிறான். ஒன்றுமே நடக்கவில்லை. முறை வீண், மந்திரமும் வீண். பெரிய எதிரிகளுக்கு ஐந்தாம் பதிப்பில் 'லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்' வேறு. நாளைக்கு மூன்று முறை, தோற்றாலும் "தப்பிவிட்டேன்" என்று டி.எம். சொல்லலாம். உருட்டி ஜெயித்த பின் இல்லை என்று பிடுங்குவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. ஃபைட்டர் இரண்டு மூன்று முறை வெட்டுகிறார், ஒன்றாவது பட்டுவிடும். வெறும் கையோடு முறையை முடிக்கும் அவமானம் அவருக்குக் குறைவு. தினமும் கொஞ்சம் கொஞ்சம் சந்தோஷமா, என்றாவது ஒரு நாள் பெரிதாகவா? இதில் ஆளுக்கு ஆள் ருசி வேறு. என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

*

வாள்காரருக்கும் அச்சில் உரிமை எழுதிக் கொடுத்தால் என்ன என்று 2006இலேயே பார்த்தார்கள். 'டோம் ஆஃப் பேட்டில்' என்ற புத்தகம். வார்பிளேட், ஸ்வார்ட்சேஜ், குருசேடர் என்று மூன்று வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த வெட்டு முறைகள். பாதிப் பேர் கொண்டாடினார்கள். பாதிப் பேர் "இது ஜப்பானிய அனிமே" என்றார்கள்.

2008இல் நான்காம் பதிப்பு அதையே எல்லோருக்கும் செய்தது. ஃபைட்டருக்கும் விஸார்டுக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை. ஏழாம் லெவல் ஃபைட்டருக்கு 'கம் அண்ட் கெட் இட்' என்று ஒன்று. "வாடா பாப்போம்" என்று அழைக்கிறார், மூன்று கட்டத்துக்குள் இருக்கும் எதிரிகள் எல்லாம் அவரை ஒட்டி வந்து நிற்கிறார்கள், சுழன்று அத்தனை பேரையும் வெட்டுகிறார். கேட்கத் தேவையில்லை. அறிவித்தால் போதும்.

நான் சொல்வது சரியென்றால் ஃபைட்டர் ஆட்டக்காரர்கள் கூத்தாடியிருக்க வேண்டும். பலர் கூத்தாடினார்கள்தான். ஆனால் எழுந்த கூச்சல் அதைவிடப் பெரிது. வில்லாளி எதற்காக வில்லைப் போட்டுவிட்டு வாளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான்? அவனுக்கு அறிவில்லையா? ஏன் சில வெட்டுகள் நாளுக்கு ஒரு முறைதான், கை வலிக்கிறதா? வார்லார்ட் என்ற வகுப்பு உற்சாகமாகக் கத்தினால் கூட்டாளியின் உயிர்ப்புள்ளி ஏறும். "கத்தினா காயம் ஆறுமா?" பிறகு வந்த திருத்தத்தில், 'கம் அண்ட் கெட் இட்' போட்டு எதிரியை இழுக்கவும் பகடை உருட்டவேண்டும் என்று ஆக்கினார்கள்.

விஸார்ட் முப்பதடி மறைந்து தாவினால் யாரும் "எப்படி?" என்று கேட்பதில்லை, மந்திரம் என்ற ஒரு சொல் எல்லாக் கேள்விக்கும் பதில். வாள்காரர் எதைச் செய்தாலும் நம் உடம்பால் முடியுமா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இருபதாம் லெவலில் டிராகனை நேருக்கு நேர் அடித்துக் கொல்கிறவரை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற நாம், "இதெல்லாம் ஒரு மனுஷனால முடியுமா?" என்று மடக்குகிறோம்! எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. ஆனால் பல ஃபைட்டர் பிரியர்களே அப்படித்தான் விரும்புகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மந்திரம் இல்லாமல் ஜெயித்தேன் என்பதுதான் அவர்களுக்குக் கர்வம். அச்சில் எழுதிக் கொடுத்தால் அந்தக் கர்வத்தில் கொஞ்சம் குறைகிறது.

*

இந்த முடிச்சை அவிழ்த்ததில் நான் பார்த்தவரை கெட்டிக்காரத்தனமானது குட்மன் கேம்ஸ் 2012இல் வெளியிட்ட டன்ஜியன் கிரால் கிளாசிக்ஸ் என்ற ஆட்டம். அங்கே வாரியர் தாக்கும்போது கூடவே ஒரு சின்னப் பகடை உருட்டுவார். முதல் லெவலில் மூன்றுமுகப் பகடை. உருட்டுவதற்கு முன்பே ஒரு வீரச்செயலைச் சொல்லிவிட வேண்டும்: கண்ணில் மண் தூவுகிறேன், கேடயத்தைப் பிடுங்குகிறேன், தொங்கு விளக்கில் ஆடிப் போய் உதைக்கிறேன். தாக்குதல் பட்டு, சின்னப் பகடையில் மூன்றோ மேலோ விழுந்தால் சொன்னது நடந்தது. தனியாக அக்ரோபாட்டிக்ஸ் கிடையாது. லெவல் ஏற ஏறப் பகடையும் பெரிதாகும்.

அழகு என்னவென்றால் பட்டியலுக்குள் அடைபட வேண்டியதில்லை. எதைக் கேட்டாலும் கேட்கலாம். கேட்பதற்கு அபராதம் கிடையாது. அச்சில் இருப்பது செயலின் பெயர் அல்ல, கேட்கும் உரிமை. மறுபக்கம் அதே ஆட்டத்தில் விஸார்ட் ஒவ்வொரு மந்திரத்துக்கும் பகடை உருட்டித்தான் ஆகவேண்டும். ஒன்று விழுந்தால் மந்திரம் திரும்பிக் கடிக்கும். முகத்தில் செதில் முளைக்கலாம். இரண்டு பேரையும் ஒரே பலகையில் உட்காரவைத்து, இரண்டு பேரையும் கேட்கவைத்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் விஸார்ட் பகடையை எடுக்கும்போது மேசையே எழுந்து நிற்கும். ஃபைட்டர்கூட போனைக் கீழே வைப்பார்.

*

புதிதாக வருகிறவருக்கு எல்லா மேசையிலும் ஒரே உபதேசம்: "ஃபைட்டர் எடு, ஈஸி." ஐந்தாம் பதிப்பின் சாம்பியன் வகை ஃபைட்டர் உண்மையிலேயே எளிது. பத்தொன்பது விழுந்தாலும் பேரடி, அவ்வளவுதான் ஞாபகம் வைக்கவேண்டும். ஆனால் புதியவருக்கு விதி தெரியாததால் எதையும் செய்யலாம் என்ற எண்ணம் இருக்கிறது. அவர்தான் மேசையில் மிக விசித்திரமான காரியங்களைக் கேட்பவர். அவர் கையில், கேட்டுத்தான் வாங்கவேண்டிய பாத்திரத்தைக் கொடுக்கிறோம். எளிமையான விஸார்ட் என்று ஒருவர் ஏன் இல்லை? இரண்டே மந்திரம் தெரிந்த, ஆனால் அதை நாள் முழுக்கச் செய்கிற ஒருவர்?

(வார்லாக் என்ற மந்திரக்கார வகுப்பு கிட்டத்தட்ட அப்படித்தான். எல்ட்ரிச் பிளாஸ்ட், எல்ட்ரிச் பிளாஸ்ட், மறுபடி எல்ட்ரிச் பிளாஸ்ட். வில்லாளிக்கு அங்கி மாட்டிவிட்டது மாதிரி. அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.)

*

இத்தனைக்குப் பிறகும் அதிகம் பேர் எடுப்பது ஃபைட்டரைத்தான். டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் ஆட்டக்காரர்கள் உருவாக்கிய பாத்திரங்களை வைத்து 2017இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் செய்தித் தளம் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. முதலிடம் மனிதக் குல ஃபைட்டருக்கு. பூதம், தேவதை, டிராகன் வம்சம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஜனங்கள் போய் எடுத்தது வாள் வைத்திருக்கும் ஒரு மனிதனை.

எளிது என்பதால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான ஆட்டங்கள் பத்தாம் லெவலைத் தாண்டுவதற்குள் யாராவது வேலை மாறிவிடுவார்கள், யாருக்காவது குழந்தை பிறக்கும். பதினேழாம் லெவலில் விஷ் மந்திரம் போட்டு உலகத்தையே வளைக்கும் விஸார்ட் விவாதத்தில்தான் அதிகம் வாழ்கிறார். மூன்றாம் லெவலில், இருட்டில், கதவை முதலில் உதைத்துத் திறப்பவர் யாரோ அவர் பக்கம்தான் எல்லோருடைய கண்ணும் இருக்கும். அடி வாங்குவதிலும் ஒரு சுகம் இருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் பத்திரமாக இருப்பது தன்னால் என்று தெரிந்த சுகம்; அதை எந்த ஆட்டத்தின் கணக்குப் பட்டியலிலும் பார்த்ததில்லை.

*

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. பைஸோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் ஃபைட்டர் முதல் லெவலிலிருந்தே மற்ற வாள்காரர்களைவிட இரண்டு புள்ளி கூடுதலாக அடிப்பார். தேவையைவிடப் பத்து மிஞ்சினால் பேரடி என்ற விதி இருப்பதால் அந்த இரண்டு புள்ளி வெறும் இரண்டு அல்ல. மந்திரக்காரர்களுக்கோ கடிவாளம்: ஒரே அடியில் எதிரியைச் செயலிழக்க வைக்கும் மந்திரங்கள் தங்களைவிடப் பெரிய எதிரியிடம் பாதி பலிக்காது. உடனே மறுபக்கத்திலிருந்து புலம்பல். "நான் ஃபைட்டருக்கு எடுபிடியா?" கணக்குப்படி விஸார்ட் அங்கே ஒன்றும் மோசமில்லை. ஆனாலும் "நான் சொன்னேன், நடக்கவில்லை" என்கிற அனுபவம் அவர்களுக்குப் புதிது. ஃபைட்டர்கள் ஐம்பது வருடமாகப் பழகிய அனுபவம்.

*

சமமாக்க முயலாமலே ஜெயித்த ஆட்டங்கள் உண்டு. பஃபி தொலைக்காட்சித் தொடரை வைத்து 2002இல் வந்த ஆட்டத்தில் ஒருத்தி அரக்கர்களைத் தூக்கியெறிகிற நாயகி, மற்றவர்கள் அவளுடைய சாதாரண நண்பர்கள். நாயகிக்குப் பத்து நாடகப் புள்ளி, நண்பர்களுக்கு இருபது. அதைச் செலவழித்துக் கதையைத் தங்கள் பக்கம் திருப்பலாம். பலம் அவளுக்கு, சொல் இவர்களுக்கு.

1987இன் ஆர்ஸ் மாஜிகா இன்னும் நேரடி. மந்திரக்காரர்கள் மற்றவர்களைவிடப் பலசாலிகள், அதை மறைக்கவே இல்லை. ஆளுக்கு ஒரு மந்திரக்காரர், ஒரு துணைவர். காவல் வீரர்கள் எல்லோருக்கும் பொது, 'குரோக்' என்று பெயர். இந்த வாரம் நீங்கள் மந்திரக்காரர் என்றால் நான் குரோக், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். பலம் குறைந்தவரை ஆடுவது தண்டனை அல்ல என்று ஆகிவிட்டதால் குரோக்குகளை ஆளுக்கு ஆள் இழுத்துப் பறித்து ஆடுவார்கள்; வாயாடி, குடிகாரன், எதற்கும் துணிந்தவன் என்று. மந்திரக்காரரின் கதை மறந்தாலும் குரோக் அடித்த ஜோக் மறப்பதில்லை. அந்த ஆட்டத்தை மார்க் ரைன்-ஹேகனோடு சேர்ந்து எழுதிய ஜொனாதன் ட்வீட்தான் பின்னால் டி அண்ட் டி மூன்றாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர். முதல் ஆட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னதை இரண்டாவதில் சொல்லவில்லை. விளைவு மட்டும் வந்து சேர்ந்தது.

*

2024இல் வந்த டி அண்ட் டியின் புதிய கையேடு ஆயுதங்களுக்கு 'மாஸ்டரி' கொடுத்திருக்கிறது. ஒன்று எதிரியைக் கீழே தள்ளும், ஒன்று பத்தடி பின்னால் தள்ளும், ஒன்று பக்கத்து எதிரியையும் சேர்த்து வெட்டும். தள்ளலாமா என்று டி.எம்.மிடம் கேட்கத் தேவையில்லை. நல்லது. ஆனால் ஃபைட்டரின் முறையும் இப்போது மூன்று நிமிடம் ஆகிறது. விஸார்ட் போனைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்.

*

வழக்கே இல்லாத ஆட்டம் என்றால் பென்டிராகன். கிரெக் ஸ்டாஃபோர்ட் எழுதியது, 1985. ஆர்தர் மன்னன் காலம்; ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் குதிரை வீரர்கள். மந்திரவாதி மெர்லின் இருக்கிறார், ஆனால் டி.எம். கையில். வீரருக்குள் வித்தியாசம் வாளில் இல்லை. காதல், விசுவாசம், வெறுப்பு எல்லாம் எண்களாகத் தாளில் இருக்கும், அவை அவரை உந்தும், சில சமயம் அவர் விருப்பத்துக்கு எதிராகவே. ஆண்டுகள் ஓடும், வீரர் கிழவராவார், மகன் வந்து ஆடுவான். இதில் யாரும் "மந்திரம் இல்லையே" என்று உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஆட்டக்காரர்கள் கேட்டிருப்பார்கள் போலும். 1993இல் வந்த நான்காம் பதிப்பில் மந்திரக்காரராகவும் ஆடலாம் என்று விதி சேர்த்தார்கள். 2005இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது ஸ்டாஃபோர்ட் அதை எடுத்துவிட்டார்.